மாஸ்கிங் டேப் அக்கா

ஆறே இல்லாத ஊருக்குள் கப்பல் ஓட்டிய ஒரே தமிழன் நான்தான். ஓட்டியதோடு விட்டேனா? அந்த ஊர்க்காரர்களுக்கு எண்ணச் சொல்லிக்கொடுத்தேன், கல் அடுக்கச் சொல்லிக்கொடுத்தேன், வானத்தைப் பார்த்து நாள் குறிக்கச் சொல்லிக்கொடுத்தேன். சான்டா கிளாராவில் ஒரு இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட்டில், துவைத்த துணியை மடித்துக்கொண்டே, இரண்டு வார இறுதிகளில் இத்தனையையும் செய்து முடித்தேன். ஆதாரம்? குடும்ப வாட்ஸாப் குழுவில் வந்த மூன்று ஃபார்வர்டுகள். அதில் ஒன்றில் மெக்ஸிகோ பிரமிடுக்குப் பக்கத்தில் ஒட்டகம் நின்றுகொண்டிருந்தது. மெக்ஸிகோவில் ஒட்டகம் ஏது என்று எனக்குத் தோன்றவே இல்லை. பி.ஈ. படித்தவன்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு நான் எழுதிய நாடகம் அது. பெயர், 'கடல் கடந்த தமிழன்'. சோழ நாட்டுக் கப்பல் தலைவன் ஒருவன் புயலில் திசை தவறி மெக்ஸிகோ கரையை அடைகிறான். அகன்ற ஆறு ஒன்றின் வழியாக உள்ளே நுழைகிறான். காட்டில் இலை தழை கட்டிக்கொண்டு திரியும் மாயா மக்களுக்கு நாகரிகம் கற்பித்துவிட்டு, கண் கலங்கத் தாய்நாடு திரும்புகிறான். பெரிய மீசை ஒட்டிக்கொண்டு கப்பல் தலைவனாக நடித்ததும் நான்தான். எனக்கு நீச்சல் தெரியாது.

இந்த அசட்டுத்தனத்தை எனக்குப் புரியவைத்தவர் கேட்டரிங் நடத்திய ஒரு அக்கா. அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பழக்கதோஷம், என்னைப் பற்றி ஆரம்பித்துவிட்டேன்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இப்போது அவர் டெக்சஸில், பிளானோவில், மகள் வீட்டில் இருக்கிறார். போன வாரம் கூப்பிட்டு, "அக்கா, உங்களைப் பத்தி எழுதப்போறேன், பேரைப் போடலாமா?" என்று கேட்டேன்.

"அதுல நான் என்ன செஞ்சேன்? எழுதுறது நீதான? உன் பேரைப் போடு. திட்டு வந்தா உனக்கே வரட்டும்."

இதுதான் அக்கா. உலகத்தில் எதைக் காட்டினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "யாரு செஞ்சது?" என்பதுதான். பல நேரம் கடைசிக் கேள்வியும் அதுவேதான்.

எல் கமீனோ சாலையில் டயர் கடைக்கும் லாண்டரிக்கும் நடுவில் இருந்தது அவருடைய சமையலறை. முன்னால் நான்கு மேசை, பின்னால் பெரிய அடுப்பு, கிரைண்டர், தோசைக்கல். அமெரிக்கச் சமையலறைகளில் ஒரு விதி உண்டு. எந்தப் பாத்திரத்தை ஃபிரிட்ஜில் வைத்தாலும் அதன்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, உள்ளே என்ன, என்றைக்குச் செய்தது என்று மார்க்கரில் எழுத வேண்டும். சுகாதாரத் துறைக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். அக்கா தன் பங்குக்கு மூன்றாவது ஒன்றையும் சேர்த்தார்: யார் செய்தது. 'தக்காளிச் சட்னி – செவ்வாய் – எஸ்டெலா.' 'வத்தக்குழம்பு – புதன் – நான்.' 'ரசம் – புதன் – நான் – உப்பு கூடிருச்சு.' 'சாம்பார்ப் பொடி – கடையில வாங்கினது, யாருன்னு தெரியல.'

ஃபிரிட்ஜோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆர்டர் போகும் டிரேக்களிலும் அந்த டேப் வந்தது. நீங்கள் புது வீடு வாங்கி, வாசலில் மாவிலை கட்டி, ஹோமப் புகையில் ஃபயர் அலாரம் அடித்து ஓய்ந்த பிறகு விருந்தினர்களுக்காக டிரேயைத் திறந்தால், மூடியில் 'மெதுவடை – மார்கோஸ்' என்று இருக்கும்.

ஒருமுறை சன்னிவேலிலிருந்து வந்த ஒரு அம்மாள் மோர்க்குழம்பு சாதத்தை ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்தக் கைப்பக்குவம் நம்ம ஊர்ல பொறந்தவங்களுக்குத்தான் வரும்."

அக்கா உடனே உள்ளே பார்த்துக் கத்தினார். "எஸ்டெலா! இங்கிட்டு வா. நீ நம்ம ஊராம்!"

எஸ்டெலா வந்து நின்றார். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். குட்டையான, உறுதியான உருவம், தலையில் வலை, கையில் கரண்டி. மெக்ஸிகோக்காரர். அந்த அம்மாளுக்கு மீதிச் சாதம் இறங்கவில்லை.

என் கதைக்கு வருகிறேன். ஆபீஸ் நண்பர் வீட்டு விருந்துக்கு ஆளுக்கு ஒரு பதார்த்தம் கொண்டுபோக வேண்டும். என் மனைவி நியூ ஜெர்சியில் ஒரு ப்ராஜெக்டுக்காகப் போயிருந்தாள். எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அக்கா கடையில் எலுமிச்சைச் சாதம் ஒரு டிரே வாங்கி, காரிலேயே டேப்பை உரித்து, ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, "சிம்பிளா நானே பண்ணினேன்" என்று போய் வைத்தேன். பாராட்டுகள் குவிந்தன. வறுத்த வேர்க்கடலையை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்று ஒரு டாக்டருக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது. அதே வீட்டுக்குப் பாயசம் இறக்க வந்திருந்தார் அக்கா.

"தம்பி, டேப்பு எங்க?"

"பிஞ்சு போச்சுக்கா."

"தானா பிஞ்சுச்சா, நீ பிச்சியா?"

அத்தனை பேர் முன்னால் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை விரலால் நீவி, சுருக்கம் எடுத்து, டிரேயின் ஓரத்தில் திரும்ப ஒட்டிவிட்டுத்தான் போனார். 'எலுமிச்சைச் சாதம் – சனி – எஸ்டெலா.' டாக்டர் என்னிடம் அதற்கப்புறம் சமையல் பேசுவதில்லை.

எல்லா நேரமும் இது சிரிக்கும்படி இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு வளைகாப்பில், ஏழு வகைச் சாதத்தையும் தானே விடிய விடிய விழித்துக் கிளறியதாக மாமியார் ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா எல்லார் முன்னாலும், "அஞ்சு எங்க கடைது, ரெண்டு உங்களது" என்று பிரித்துக் காட்டினார். அந்த அம்மாளின் முகம் போன போக்கு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மருமகள் வளையல் அடுக்கிய கையோடு அழுதாள். அன்று எனக்கு அக்காவைப் பிடிக்கவில்லை. வெளியே வந்து, "விட்டிருக்கலாமேக்கா" என்றேன்.

"ஒன்பது வருஷம் விட்டேன் தம்பி" என்றார்.

அந்த ஒன்பது வருடம் வேறொரு ஊரில், வேறொருவர் ஹோட்டலில். சமைத்ததெல்லாம் அக்கா. சுவரில் முதலாளியின் அம்மா படம், கீழே 'எங்கள் அம்மாவின் கைப்பக்குவம்' என்று எழுத்து. "அந்தம்மா ஒரு தடவ மெட்ராஸ்ல இருந்து வந்துச்சு. ரெண்டு இட்லிக்கு மேல தொடல. டயட்டாம். போகும்போது என்கிட்டயே, 'நம்ம சாம்பார் எப்படிம்மா வைக்கிறது'ன்னு கேட்டுச்சு" என்பார். சிரிக்காமல்தான் சொல்வார்.

இனி நாடகம். விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தின் கஃபெட்டீரியாவில் சனிக்கிழமை பிற்பகல் ஒத்திகை. மாயா மக்களாக என் டெஸ்டிங் டீமிலிருந்து ஏழு பேர். கைவினைக் கடையில் வாங்கிய பச்சை, சிவப்பு இறகுகளைத் தலையில் செருகியிருந்தார்கள். நம் நிறம் போதாதென்று முகத்தில் காப்பித்தூளைக் கரைத்துப் பூசியிருந்தார்கள். அவர்களுக்கு வசனம் கிடையாது. 'ஊஹூ' என்று கத்த வேண்டும், நான் ஏதாவது சொல்லிக்கொடுத்ததும் வாயைப் பிளக்க வேண்டும், காலில் விழ வேண்டும். கல் அடுக்கும் காட்சிக்கு மாட்டு வண்டிகூட வைத்திருந்தேன். மாடு எப்படி வந்தது என்று யாராவது கேட்டால்? அதற்கும் ஒரு வசனம்: 'நம் கப்பலில் வந்த காங்கேயம் காளைகள்!'

ஏழு பேரும் என் காலில் விழுந்து கிடந்த நேரத்தில்தான் மாலைச் சிற்றுண்டியோடு அக்காவும் எஸ்டெலாவும் உள்ளே வந்தார்கள். எஸ்டெலா ஒரு பெரிய டிரேயைத் தூக்கியபடி அப்படியே நின்று மேடையைப் பார்த்தார். அக்காவிடம் ஏதோ கேட்டார். அக்கா என்னைக் கேட்டார்.

"தம்பி, கீழ கெடக்கிறவங்க யாரு?"

"மாயா மக்கள்க்கா. மெக்ஸிகோல இருந்தாங்க. பெரிய நாகரிகம். நம்மாளுங்க போய் கத்துக்கொடுத்தது. அப்புறம் மொத்தமா அழிஞ்சு போய்ட்டாங்க."

அக்கா எஸ்டெலாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அழிஞ்சு போன ஆளு போண்டா கொண்டாந்திருக்கா. எறக்கி வைக்க ஒரு கை குடு."

அந்த டிரேயின் கனம் எனக்கு இன்னும் கையில் இருக்கிறது.

எஸ்டெலா மெக்ஸிகோவின் தென்கிழக்கில் இருக்கும் யுகாடானைச் சேர்ந்த மாயா. அங்கே வடை போடும் அவர் அண்ணன் மார்கோஸும் அப்படித்தான். மூன்று வருடமாக அந்தக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன். எஸ்டெலா கல்லில் தோசைகளைப் புரட்டும்போது "ஹும்பேல், காபேல், ஓஷ்பேல்" என்று எண்ணுவதை மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஸ்பானிஷ் என்று நினைத்தேன். ஸ்பானிஷில் உனோ, தோஸ், த்ரேஸ் என்று எனக்கே தெரியும். ஆனாலும் அப்படி நினைத்தேன். யாருக்கு எண்ணச் சொல்லிக்கொடுப்பதாக நாடகம் எழுதினேனோ, அவர்கள் மொழியில் எண்ணித்தான் என் நெய் ரோஸ்ட் தட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

"திங்கக்கெழம கடை லீவு. வா" என்றார் அக்கா. "இந்தக் கதைய அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லு. அவ சரின்னா எனக்கும் சரி. இல்லன்னா விழாவுக்குச் சாப்பாடு கெடையாது."

திங்கட்கிழமை போனேன். எஸ்டெலா மேசையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். அவர் தமிழ் முழுக்க அக்காவிடம் கற்றது, அதனால் அருப்புக்கோட்டைத் தமிழ். அது தீர்ந்த இடத்தில் ஆங்கிலம், அதுவும் தீர்ந்தால் கை.

கப்பல் தலைவன், புயல், கரை என்று ஆரம்பித்தேன்.

"கப்பலு எங்கிட்டு வந்துச்சு?"

"ஆத்து வழியா."

கத்தி நின்றது. "எந்த ஆறு?"

"உங்க ஊர் ஆறு."

"எங்க ஊர்ல ஆறு இல்ல சார்."

நான் போனை எடுத்து வரைபடத்தைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். அவர் ஊர் இருக்கும் அந்த வட்டாரம் முழுக்கச் சுண்ணாம்புக்கல். பெய்கிற மழையெல்லாம் தரைக்குள் இறங்கிவிடுமாம். ஆறு இருந்திருந்தால்தானே அது படத்தில் இருக்கும்.

"அப்ப தண்ணிக்கு?" என்று கேட்டது நான் அல்ல, அக்கா. தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்து வளர்ந்தவர். அதுவரை சும்மா இருந்தவர் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எஸ்டெலா மேசையில் அரிசி மாவைத் தூவி, விரலால் ஒரு படம் போட்டார். வாய் குறுகலாக, வயிறு பெரிதாக, தரைக்குள் புதைந்த ஒரு ஜாடி. மேலே சுற்றிலும் சரிவாகக் கல் பாவிய தளம். மழைத் தண்ணீர் வழிந்து உள்ளே போகும். பழைய காலத்து ஆட்கள் வீட்டுக்கு வீடு தோண்டியது.

"உள்ள தண்ணி ஊறிப் போயிராதா? என்ன பூச்சு?"

எஸ்டெலா எழுந்துபோய்த் தன் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்துவந்தார். வீட்டில் மக்காச்சோளம் ஊறவைப்பதற்காக வைத்திருப்பது. அக்கா ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"சுண்ணாம்பு!"

"சுண்ணாம்பு" என்றார் எஸ்டெலாவும். கல்லைச் சுட்டு எடுப்பது. ஜாடிக்கும் அதுதான், பிரமிடுக்கும் அதுதான், சோளத்துக்கும் அதுதான். சுண்ணாம்பு போட்டு வேகவைக்காத சோளம் உடம்பில் ஒட்டாது என்று கண்டுபிடித்தவர்களும் அந்தப் பழைய ஆட்கள்தான். இருபது நிமிடம் இரண்டு பேரும் என்னை மறந்துபோனார்கள். கொதிக்க எவ்வளவு நேரம், தோல் எப்போது கழலும், எத்தனை தண்ணீர் கழுவ வேண்டும் என்று பேச்சு போய்க்கொண்டே இருந்தது. ஒரு கண்டத்துக்கே நாகரிகம் கொடுத்தவன் ஓரமாக நின்று பீன்ஸுக்கு நார் உரித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு எஸ்டெலா என்னைப் பார்த்து, "கல்லு யாரு வச்சா? கதையில" என்றார்.

சொல்லாமல் தப்பிக்க வழியில்லை. "கப்பல் தலைவன் சொல்லிக்கொடுப்பான். உங்க ஆளுங்க வைப்பாங்க."

எஸ்டெலா மேசையிலிருந்த மாவைத் துடைத்தார். அப்புறம் கொஞ்சம் தமிழும் கொஞ்சம் ஆங்கிலமுமாகச் சொன்னார். அவர் ஊருக்குப் பக்கத்தில் பழைய நகரம் ஒன்று இருக்கிறது. காடு மூடி, சுவர் சரிந்து கிடந்ததை எடுத்துக் கட்டும் வேலை நடந்தபோது அவர் அப்பா அதில் கொத்தனார். விழுந்து கிடந்த கல் ஒவ்வொன்றையும் தூக்கி, அது இருந்த இடம் எது என்று பார்த்துப் பார்த்து வைத்தவர். ஒரு கல் நழுவி அவருடைய இரண்டு விரல் போய்விட்டது. அங்கே நிற்கும் பலகையில் யார் யார் பேரோ இருக்கிறது, அப்பா பேர் இல்லை.

"எங்க அப்பா உங்க நாடகத்துல யாரு, சார்?"

நான் அண்ணாந்து எக்ஸாஸ்ட் ஃபேனைப் பார்த்தேன். காப்பித்தூள் பூசிக்கொண்டு 'ஊஹூ' என்று கத்தும் ஏழு பேரில் எவன் என்று சொல்வது?

"சும்மா ஜாலிக்குத்தான் எழுதினேன்" என்று முனகினேன். என் வாழ்க்கையில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் அதுதான்.

"ஜாலிதான?" என்றார் அக்கா. "அப்ப நீ காப்பித்தூளப் பூசிக்கிட்டுக் கால்ல விழு. அவனுங்க மீசைய ஒட்டிக்கட்டும்."

வீட்டுக்கு வந்து, ஃபார்வர்டுகளை விட்டுவிட்டு, நூலகத்தில் எடுத்த புத்தகங்களைப் படித்தேன். பூஜ்யத்துக்கு மாயா மக்கள் சிப்பி போல ஒரு குறி போட்டிருந்தார்கள். வெள்ளி கிரகம் என்றைக்கு மறையும், என்றைக்கு வரும் என்று கணக்கு வைத்திருந்தார்கள். இரும்பு கிடையாது. பாரம் இழுக்க மாடு கிடையாது, வண்டி கிடையாது. அத்தனை கல்லும் மனிதன் முதுகில் வந்தது. என் காங்கேயம் காளைகளை நினைத்து எனக்கே உடம்பு கூசியது.

சங்கத் தலைவரிடம் போய், "நாடகத்தை மாத்திடலாம். இல்ல, எடுத்துடலாம். இல்லன்னா அக்கா விழாவுக்குச் சமைக்க மாட்டாங்களாம்" என்றேன். அவர் நல்ல மனிதர். ஊரிலிருந்து யார் வந்தாலும் ஏர்போர்ட்டுக்குத் தானே டிரைவ் பண்ணிப் போகிறவர். ஆனால் பேனர் அச்சாகிவிட்டது, சீஃப் கெஸ்ட் நாடகத்தின் தலைப்பைக் கேட்டுவிட்டுத்தான் வரச் சம்மதித்திருந்தார்.

"கேட்டரிங் பண்றவங்க ஸ்கிரிப்ட் அப்ரூவ் பண்ணுவாங்களா? நான் பேசிக்கிறேன், நீ வா" என்றார்.

வந்தார். நம் வழக்கப்படி கையில் ஒரு பொன்னாடையோடு வந்தார். "அக்கா, விழா மேடையில உங்களுக்கு 'அன்னலட்சுமி'ன்னு ஒரு பட்டம் குடுத்து, பொன்னாடை போத்தி, ஃபேமிலியோட ஃபோட்டோ. எல்லாம் பிளான் பண்ணிட்டோம். நீங்க இந்த நாடக விஷயத்தப் பெருசு பண்ணாதீங்க."

"அன்னிக்கு அத்தன தோசையும் ஊத்துறது யாரு?"

"அது... உங்க ஸ்டாஃப்."

"பேரு இருக்கு. எஸ்டெலா. அவளுக்குப் போத்துங்க. நாடகத்துக்கு முன்னாடி போத்துங்க. இவ மாயா, இவுக ஆளுகதான் அந்தக் கோபுரத்தக் கட்டுனாகன்னு மைக்ல சொல்லுங்க. சொல்லிட்டு அப்புறம் உங்க நாடகத்தப் போடுங்க."

தலைவர் சிரிக்கப் பார்த்தார். "அக்கா, நம்ம பிள்ளைங்களுக்கு ஒரு பெருமை வரணும்னுதான..."

"நம்ம கட்டுனதே மலை மாதிரி நிக்குதுல்ல? அதக் காட்டி வரவைங்க பெருமைய. அடுத்தவன் சட்டியில எதுக்கு உங்க டேப்ப ஒட்டுறீக?"

"இந்த ஒரு விழா மட்டும் இல்லக்கா. பொங்கல், சித்திரை, தீபாவளி எல்லா ஆர்டரும் போயிடும். யோசிங்க."

அந்தக் கடை சங்கத்து ஆர்டர்களால்தான் ஓடிக்கொண்டிருந்தது. அது தலைவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த எஸ்டெலாவுக்கும் தெரியும்; துடைப்பதை நிறுத்திவிட்டார். "அக்கா, வேணாம். நாடகந்தான, போட்டுக்கட்டும்" என்று மெதுவாகச் சொன்னார்.

"நீ சும்மா இரு. இது உனக்காக இல்ல. எனக்காக" என்றார் அக்கா. பிறகு தலைவர் பக்கம் திரும்பி, "போகட்டும்" என்று சொல்லிவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டார். அந்த இரைச்சலில் அதற்கு மேல் யாரும் எதுவும் பேச முடியாது. தலைவரின் உதடு அசைந்ததை மட்டும் பார்த்தேன். பொன்னாடையை மடித்து எடுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் நான் மீசையைப் பிய்த்து எறிந்துவிட்டு வெளியேறினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எழுதினால் அக்கா பிளானோவிலிருந்து வந்து அடிப்பார். உண்மை இதுதான்: நான் நடித்தேன். ஆற்றைக் கடலாக மாற்றினேன், மாட்டை எடுத்தேன். அதையே பெரிய புரட்சி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஏழு பேரும் காலில் விழுந்தார்கள். நானூறு பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் அவ்வளவு கைதட்டு நான் வாங்கியதில்லை, இனி வாங்கப்போவதும் இல்லை. அதற்குப் பிறகு தலைவர் மைக்கில், "நம்ம வழக்கமான கேட்டரிங் அக்காவுக்கு உடம்பு சரியில்ல, அதனால இன்னைக்கு பீட்சா" என்றார். அது பொய் என்று தெரிந்தவன் அவருக்குப் பக்கத்தில் மீசையோடு நின்றுகொண்டிருந்தேன். என் கையிலும் ஒரு மைக் இருந்தது. அது ஆனில்தான் இருந்தது.

இதைப் படிக்கும் சங்கத்துக்காரர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். அன்று அந்த மைக்கில் சொல்ல வேண்டியதை இன்று சொல்கிறேன்: அக்காவுக்கு அன்றைக்கு உடம்புக்கு ஒன்றுமே இல்லை. அந்தக் கோபுரங்களை நாம் கட்டவில்லை.

சங்கத்து ஆர்டர்கள் நின்றன. சங்கத்தைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்தினார்கள். முன்னால் இருந்த நான்கு மேசை இரண்டானது. மார்கோஸ் வேறு வேலைக்குப் போனார். கடை மூடிவிடும் என்று எல்லாரும் பேசிக்கொண்டோம். நான் அந்தச் சாலையில் போவதையே தவிர்த்து, சுற்றிக்கொண்டு ஆபீஸ் போனேன்.

கடை மூடவில்லை. சில மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே யுகாடான் சாப்பாடு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஒரு ஞாயிறு காலை, ஸ்பானிஷில் ஒரு மன்னிப்பை ஆப்பில் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு போனேன். எஸ்டெலாவுக்குப் போர்த்த ஒரு பொன்னாடைகூட வாங்கியிருந்தேன். நல்லவேளை, புத்தி வந்து அதைக் காரிலேயே விட்டேன்.

வாசலிலிருந்து டயர் கடையையும் தாண்டி ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கூரை வேலைக்குப் போகிறவர்கள், ஹோட்டல்களில் பாத்திரம் கழுவுகிறவர்கள், இடுப்பில் குழந்தையோடு பெண்கள். எஸ்டெலா தோசைக்கல் முன்னால் எண்ணிக்கொண்டிருந்த அதே மொழி அந்தக் கூட்டம் முழுக்கக் கேட்டது. நான் பழைய கஸ்டமர் இல்லையா, "எக்ஸ்க்யூஸ் மீ" சொல்லிக்கொண்டே நேராக உள்ளே போனேன்.

தோசைக்கல்லில் சோள ரொட்டிகள் வெந்துகொண்டிருந்தன. உள்ளே கறுப்பு பீன்ஸ் வைத்து, மேலே கோழியும் சிவப்பு வெங்காயமும் போட்டது. பின்னால் அக்கா, கண்ணில் நீர் வழிய, மலை மாதிரி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, நீங்க போய் வெங்காயம்?"

"ஞாயித்துக்கெழம அவதான் மாஸ்டர். நான் வெங்காயம்" என்றார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "பேச வந்திருந்தா அங்கிட்டுப் பேசு. செஞ்சது நீ, கேட்க வேண்டியவ அவ."

கவுண்டருக்கு வந்தேன். மனப்பாடம் செய்த ஸ்பானிஷ் ஒரு வார்த்தை வரவில்லை. "எஸ்டெலா, அன்னைக்கு மேடையில நான் பண்ணினது தப்பு. உங்க அப்பா பத்தி நீங்க சொன்னதெல்லாம் தெரிஞ்சும் பண்ணினேன். கை தட்டினாங்க, நான் வாங்கிக்கிட்டேன். அக்காவுக்கு உடம்பு சரியில்லன்னு சொன்னப்பவும் வாயத் திறக்கல. கடைக்கு இப்படி ஆனதுக்கு நான்தான் காரணம். அது உங்ககிட்ட நேர்ல சொல்லணும்னுதான்..." என்று சொல்லிக்கொண்டே போனேன்.

எஸ்டெலாவின் கை நிற்கவே இல்லை. ஒரு ரொட்டியைப் புரட்டினார். தலையை நிமிர்த்தி, என் தோளுக்குப் பின்னால் வாசல் வரை நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வரிசையில நில்லுங்க, சார்."